தலையைக் கூட்டிட்டு வாங்க!

முதலில் எறும்பு என்றுதான் நினைத்தோம்.

காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவின் தலையணையில் பொடிப் பொடியாகக் கறுப்பு. என் மனைவி உதறிப் போட்டாள். மறுநாளும் அதே கறுப்பு. மூன்றாம் நாள் தலையணையைத் தாண்டி அப்பாவின் தலைக்கே வந்துவிட்டது. தும்பைப்பூ மாதிரி வெளுத்த தலையில் நட்டநடுவே ஒரு கறுப்புக் கோடு!

"என்னங்க... மாமா டை அடிக்க ஆரம்பிச்சுட்டாரா?" என்று சமையலறையிலிருந்து கிசுகிசுத்தாள். கிசுகிசுக்க அவசியமே இல்லை. அப்பாவுக்குக் காது கேட்காது.

துப்புத் துலக்கியது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள். "தாத்தாவோட ஹெட்போன் தோல் உரியுதுப்பா. பாம்பு மாதிரி!"

எடுத்துப் பார்த்தேன். காதில் வைக்கிற குமிழ் இரண்டும் பளிச்சென்று இருந்தன. பாட்டும் குறையில்லாமல் வந்தது. தலைக்கு மேல் வளைந்து உட்காருகிற பட்டைதான் சொறி பிடித்த நாய் மாதிரி ஆகியிருந்தது. உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது. தொட்டால் கையில் கறுப்பு ஒட்டியது.

இந்த ஹெட்போன் எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய ஆசாமி என்பதை நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

பாண்டிச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு 'ப' ஞாபகம் வரும். ஒன்று பீச். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. வாரக் கடைசியில் பஸ்ஸில் கனமான பையை மடியில் வைத்துக் கொண்டு, ஆட்டாமல் அசைக்காமல் ஊர் திரும்புகிற ஆசாமிகளைக் கேட்டால் சொல்வார்கள். உள்ளூர்க்காரனுக்கு மூன்றாவதாக ஒரு 'ப' உண்டு. பஞ்சு! ரோடியர் மில், சவானா மில், கப்ளே மில் என்று மூன்று பஞ்சாலைகள். சர்க்கார் காகிதத்தில் ஏ.எஃப்.டி., சுதேசி, ஸ்ரீ பாரதி என்று பெயர் மாறினாலும் ஊர் வாயில் பழைய பெயர்தான். எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டுப் போராடி 1936 ஜூலை 30-ம் தேதி 12 தொழிலாளிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தது இந்த ஊரில்தான். கடைசியில் 2020-ல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் இழுத்து மூடிவிட்டார்கள். ஊர் பாதி சங்குச் சத்தத்தில்தான் ஒரு காலத்தில் எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது.

அந்த மாதிரி ஒரு மில்லின் தறிக்கூடத்தில் அப்பா முப்பது வருஷம் நின்றார். எந்த மில் என்று கேட்காதீர்கள். காதுக்கு 85 டெசிபலுக்கு மேல் நாளெல்லாம் ஆகாது என்கிறார்கள் டாக்டர்கள். தறிக்கூடம் நூறை ஒட்டி இரையும். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டை அசைப்பதும் கையைக் காட்டுவதும்தான் பாஷை. இங்கிலாந்தில் லங்காஷயர் மில்காரர்கள் இதற்கு 'மீ-மாயிங்' என்று பெயரே வைத்திருந்தார்களாம். பாண்டியில் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அப்பா இன்றைக்கும் "டீ வேணும்" என்பதை இரண்டு விரலில் சொல்லிவிடுவார்.

முகாமில் கொடுத்த காது மிஷின் பீரோவில் தூங்குகிறது. "கொசு கத்துற மாதிரி இருக்குப்பா" என்று இரண்டே நாளில் கழற்றி விட்டார். டி.வி. சத்தத்தைக் கூட்டினால் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார். அதற்குத்தான் இந்த ஒயர் இல்லாத ஹெட்போன். அதை மாட்டிக் கொண்டு ராத்திரி எட்டரைக்குச் செய்தி, அப்புறம் பழைய பாட்டு, பத்து மணிக்குத் தூக்கம். அதுதான் அவருக்கு உலகம்.

தோல் உரிந்த அன்று அதைக் கழற்றி டி.வி. மேல் வைத்துவிட்டார். "தலை அரிக்குது. வேணாம், நான் சும்மாவே பார்த்துக்கிறேன்" என்றார். சத்தமில்லாத டி.வி.யை உதட்டைப் பார்த்தே படித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். தறிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரி. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"புதுசு வாங்கிடலாம்பா" என்று கத்தினேன்.

"எதுக்கு? பாட்டுப் பெட்டி நல்லாத்தானே இருக்கு. தலைப்பாகைதானே கிழிஞ்சிருக்கு!"

நியாயம்தானே?

கம்பெனிக்குப் போன் போட்டேன். எட்டு நிமிஷம் பாட்டு கேட்க வைத்த பிறகு ஒரு பெண், பட்டை மட்டும் தனியாகக் கிடைக்காது சார், பழசைக் கொடுத்தால் புதிதில் முன்னூறு ரூபாய் கழித்துக் கொள்வோம் என்றார். நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் படித்ததில் இன்னும் மறக்காதது தேய்மானக் கணக்கு ஒன்றுதான். விலை 2,490 ரூபாய். ஆயுள் மூன்று வருஷம் என்று வைத்தால் மாதத்துக்கு 69 ரூபாய் தேய்மானம். 28 மாதம் ஆகிவிட்டது. இன்றைய புத்தக மதிப்பு 553 ரூபாய். அதை முன்னூறுக்குக் கொடுப்பதா? ரிப்பேர் செய்வது என்று தீர்மானித்தேன். பட்ஜெட் 250 ரூபாய். (எனக்கு வர வேண்டிய இரண்டு கட்டுரைப் பணம் வராததும் இந்தத் தீர்மானத்துக்கு ஒரு காரணம். பத்திரிகை பெயர் வேண்டாம். இது இல்லை!)

ஏன் உரிகிறது? அது தோலே இல்லை. துணியின் மேல் பாலியூரித்தேன் என்கிற சமாச்சாரத்தை மெல்லிசாகப் பூசித் தோல் மாதிரி வேஷம் கட்டியிருக்கிறார்கள். காற்றில் இருக்கிற ஈரம் அதற்குள் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டறுத்து விடுகிறது. வேர்வையும் எண்ணெயும் வெயிலும் கூடச் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். உபயோகிக்காமல் பீரோவில் வைத்தாலும் உரியும். கல்யாணத்துக்கு வாங்கிப் பத்திரப்படுத்திய ஷூ, நான்கு வருஷம் கழித்துப் போட்டவுடன் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறதே, அதே கதைதான். வங்காள விரிகுடாவைக் கொல்லைப்புறமாக வைத்திருக்கிற ஊரில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்?

சனிக்கிழமை படையெடுப்பு நேரு வீதியில் ஆரம்பம். இதுதான் அந்தக் காலத்து ரூ டுப்ளே. பாண்டி வீதிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருப்பதற்குப் பிரெஞ்சுக்காரனைப் பாராட்டுவது வழக்கம். பாதிப் பாராட்டு டச்சுக்காரனுக்குப் போக வேண்டும். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது கட்டம் போட்டுக் கொடுத்தது அவன்தான். வீதி நேராக இருந்து என்ன பயன்? ஏழு செல்போன் கடை ஏறி இறங்கினேன். காதுக் குமிழுக்கு ஸ்பாஞ்ச் உண்டு, ஒயர் உண்டு, பெட்டி உண்டு. மேல் பட்டை? "அது வராது சார்." கடைசிக் கடைப் பையன் மட்டும் பரிதாபப்பட்டு, "கிரிக்கெட் பேட் கிரிப்பைச் சுத்திடுங்க சார்" என்றான். மோசமான யோசனை இல்லை. ஆனால் அப்பா தலையில் ரப்பர் கிரிப்பு, அக்னி நட்சத்திரத்தில்? வேர்த்து வழிந்து முகம் கழுவிக் கொள்ளலாம்.

பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழர் பட்டணம், அந்தப் பக்கம் வெள்ளையர் பட்டணம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, அதற்கு முன்னால் தாடையைத் தூக்கிக் கொண்டு போட்டோ எடுத்துக் கொள்ளும் பெங்களூர் ஜோடிகள். தோல் சாமானுக்கு இந்த ஊர் ஒன்றும் புதிதல்ல. உலகமெல்லாம் விற்கிற ஹைடிசைன் தோல் பை 1978-ல் பாண்டியில் பிறந்தது. அதை நினைத்துக் கொண்டு, ஒரு சிறிய தோல் சாமான் கடையில் (அது வேறு கடை) துண்டுத் தோல் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்குப் பதில் வரவில்லை. வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட். மகாத்மா காந்தி வீதியில் நடக்க இடம் இருக்காது. பேன்ட், பிளாஸ்டிக் பக்கெட், பழைய புத்தகம், ரிமோட், எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்கக் கூடாத கண்ணாடி எல்லாம் தரையில் பரத்திக் கிடக்கும். ஒரு சாக்கின் மேல் ஹெட்போன் பிணங்கள் பத்துப் பன்னிரண்டு. ஒன்றில் பட்டை மட்டும் புத்தம் புதுசாக இருந்தது. இருநூறு என்றார். நான் ஐம்பது என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். நான் நடந்தேன். எண்பதுக்கு முடிந்தது. வெற்றி! வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் அது குழந்தைகள் ஹெட்போன். அப்பா தலையில் பாதி ஏறி நின்று கொண்டது. மகள் அதை உடனே தன் கரடி பொம்மைக்கு மாட்டிவிட்டாள்.

இனி சொந்தக் கையே உதவி என்று இறங்கினேன். பழைய பட்டையின் உரிசலை அகலமான செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தேன். மிச்சத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். இந்த மட்டும் சரியாகத்தான் செய்தேன், நீங்களும் செய்யலாம். அதன் மேல் ஒரு பருத்தித் துணியைச் சுற்றி, பத்து ரூபாய் சூப்பர் பசையைப் பிழிந்தேன். அவ்வளவுதான்! துணி சுருசுருவென்று சூடேறி லேசாகப் புகைந்தது. விரல் சுட்டது. ஐயோ என்று கத்திய என்னை, கத்தல் கேட்காத அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. "பஞ்சுகிட்ட விளையாடாதே!" என்றார். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பசை பருத்தி மேல் பட்டால் அப்படித்தான் வேகமாக வேலை செய்து கொதிக்குமாம். பி.காமில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை.

வழி காட்டியவர் ஓர் ஆட்டோ சீட் தைக்கிறவர். மறைமலை அடிகள் சாலையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர் குஷன் கடை. ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ரெக்ஸின் போதும் தம்பி. ஆனா தலை படுற பக்கம் ரெக்ஸின் வேணாம், வேர்க்கும். அடியில துணி, மேல ரெக்ஸின். நம்ம மிஷின்ல இந்த வளைவு வராது. கையாலதான் தைக்கணும். செருப்புத் தைக்கிறவர்கிட்ட போங்க."

ரெக்ஸின் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைடு என்ற ஊரில் இருந்த கம்பெனியின் பெயர். கம்பெனியை அங்கே மறந்துவிட்டார்கள். நம்மூரில் ஆட்டோ சீட் இருக்கிற வரைக்கும் பெயர் சாகாது. ஒரு சாண் துண்டை வெட்டி இலவசமாகவே கொடுத்தார். இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். இருபது ரூபாய். வழியில் ரப்பர் சொல்யூஷன் ஒரு டியூப், முப்பது.

பெரிய மார்க்கெட்டுக்கு குபேர் மார்க்கெட் என்று பெயர். 1963-ல் இங்கே முதல் முதலமைச்சராக வந்த எதுவார் குபேர் பெயர். மீன் வாசனையும் மல்லிகை வாசனையும் சண்டை போடுகிற அந்த வட்டாரத்தில் ஒரு கடையின் படிக்கட்டு ஓரமாக, கறுப்புக் குடை விரித்து உட்கார்ந்திருந்தார் அவர். அப்பா வயது இருக்கும். ஹெட்போனை வாங்கிப் பார்த்துவிட்டு என் தலையைப் பார்த்தார். மறுபடி ஹெட்போனைப் பார்த்தார்.

"இது உங்க தலைக்கு இல்லையே. தலை யாருது?"

"அப்பாவுது."

"அப்ப தலையைக் கூட்டிட்டு வாங்க!"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்பாஞ்ச் எங்கே அழுத்துகிறது, எவ்வளவு கனம் வேண்டும் என்பது தலையைப் பார்த்தால்தான் தெரியுமாம். செருப்புக்குக் காலைக் கேட்கிறவர், பட்டைக்குத் தலையைக் கேட்கிறார். 1910-ல் அமெரிக்காவில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து கப்பற்படைக்கு விற்றார். அந்தச் சமையலறையில்கூட இவ்வளவு அக்கறை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

அப்பா வெளியே வந்து மாதக்கணக்காகி இருந்தது. "எதிர்ல வர்றவன் பேசினா என்னான்னு தெரியாம பல்லைக் காட்டணும். எதுக்கு?" என்பார். மகளை விட்டுக் கெஞ்ச வைத்து, ஸ்கூட்டரில் உட்கார வைத்தேன். கிளம்பும்போது உள்ளே போய், எதையோ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

நான் நடுவில் நின்று கத்தி மொழிபெயர்க்கத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. தைக்கிறவர் அப்பாவைப் பார்த்ததும் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து "என்னாச்சு?" என்றார். அப்பா இரண்டு கையையும் தறி மாதிரி முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். "மில்லா?" அப்பா தலையாட்டினார். அவர் தன் மார்பைத் தொட்டு, விரலால் எங்கேயோ காட்டினார். அவருடைய தம்பியும் மில்லாம். அதற்கப்புறம் இரண்டு பேரும் கால் மணி நேரம் உதட்டாலும் கையாலும் பேசிக் கொண்டார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. சுற்றிலும் மார்க்கெட் இரைச்சல். அங்கே எல்லோரையும்விட நன்றாகப் பேசிக் கொண்டது அவர்கள் இரண்டு பேர்தான்.

வேலை ஆரம்பமானது. செருப்புக்குப் போடும் ஸ்பாஞ்ச் ஷீட்டில் ஒரு பட்டை வெட்டினார். அப்பா பையிலிருந்து எடுத்தது ஒரு துண்டுத் துணி. நீலக் கட்டம் போட்ட மில் துணி. அவர் கையால் ஓடிய தறித் துணி என்று அம்மா பெட்டியில் வைத்திருந்தது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதை வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கத்தரி ஓடிவிட்டது.

ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, ஒட்டாமல் அப்படியே பத்து நிமிஷம் வைத்தார். அதுதான் ரகசியம். ஈரமாக ஒட்டினால் வழுக்கும். தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு அழுத்தினால் பிடித்துக் கொள்ளும். அப்புறம் குத்தூசியை எடுத்தார். பட்டையின் நடுவில் வைத்து அழுத்தப் போனபோது அப்பா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா பட்டையைத் தன் கட்டை விரலால் மெல்ல உருட்டிக் காட்டினார். உள்ளே முடி மாதிரி ஓர் ஒயர்! ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பாட்டு போகிற ஒயர் பட்டைக்குள்தான் ஓடுகிறது. குத்தூசி அதில் பட்டிருந்தால் 553 ரூபாயும் பூஜ்யம். துணியில் ஓர் இழை அறுந்திருந்தால் விரலிலேயே கண்டுபிடித்த கை அது.

"பார்த்தீங்களா... தலையைக் கூட்டிட்டு வரச் சொன்னது சரியாப் போச்சா?" என்றார் தைக்கிறவர், பெருமை தன்னுடையது மாதிரி.

பட்டையைக் குத்தாமல், உறை மாதிரி சுற்றி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து மெழுகு தடவிய நூலால் தைத்தார். அடியில் நீலக் கட்டம், மேலே ஆட்டோ சீட் கறுப்பு. பாதியில் நூல் தீர்ந்தது. புது நூலைச் சேர்க்க அவர் முடிச்சுப் போடப் போக, அப்பா வாங்கி இரண்டு விரலில் ஏதோ ஒரு சுற்றுச் சுற்றினார். முடிச்சு விழுந்த இடமே தெரியவில்லை. நெசவாளி முடிச்சு. தைக்கிறவர் இன்னொரு தரம் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தார். என்னாலும் முடியுமா என்று முயற்சி செய்தேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

கூலி அறுபது கேட்டார். அப்பா தன் பையிலிருந்து எண்பதாகக் கொடுத்தார். 1995-ம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில் வருகிற அப்பாவின் மாதாந்திரத் தொகையைச் சொன்னால் நீங்கள் அச்சுப் பிழை என்பீர்கள். அதிலிருந்து இருபது ரூபாய் இனாம்! திரும்புகிற வழியில் கடற்கரையில் காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு குச்சி ஐஸ் சாப்பிட்டோம், நாற்பது ரூபாய். கணக்குப் பார்த்தேன். கரடி பொம்மைக்கு எண்பது, விரல் சுட்டதற்குப் பத்து, டீ இருபது, டியூப் முப்பது, தையல் எண்பது, ஐஸ் நாற்பது. மொத்தம் 260. பட்ஜெட்டுக்கு மேல் பத்து ரூபாய். சரி, ஐஸைக் கேளிக்கைச் செலவில் எழுதி விடலாம்.

அன்று ராத்திரி எட்டரைக்கு அப்பா ஹெட்போனை மாட்டிக் கொண்டு உட்கார்ந்தார். நடுவில் ஒரு காதை மட்டும் தூக்கி, "மழை வருமாம். கொடியில துணி இருக்கான்னு பாரு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மாடியில் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இங்கே அப்படித்தான் பெயர். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவர் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் தாத்தா, "எனக்கு எதுக்கு?" என்று தறிக்குப் போய்விட்டார். அதனால் அவருக்கு யூரோவில் பென்ஷன். எங்களுக்கு அச்சுப் பிழை. அவரிடம் பாரிஸிலிருந்து மகன் அனுப்பிய உசத்தி ஹெட்போன் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வரமாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டைத் திறந்து கொண்டு வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். தோளில், காலரில், காதோரம் எல்லாம் பொடிப் பொடியாகக் கறுப்பு.

"மகன்கிட்ட சொன்னா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கறான். உங்க வீட்ல ஏதோ தச்சீங்கன்னு பாப்பா சொல்லிச்சு..." என்று என்னிடம்தான் ஆரம்பித்தார்.

அப்பா அவர் உதட்டைப் பார்த்துக் கொண்டே இருந்தார். கவரை வாங்கி ஹெட்போனை எடுத்து, பட்டையைக் கட்டை விரலால் உருட்டி ஒயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக் கொண்டு, செருப்பைத் தேடிக் கொண்டே கேட்டார்.

"தலை யாருது? உங்களுதா? அப்ப நீங்களும் வரணும்."